பாரிஸ் கார்னியே ஓப்பரா மாளிகை: போகப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

பாரிஸில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிற நம்ம மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். ஓப்பரா என்றால் பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம்.

களுவாஞ்சிக்குடி: மகள் லா சப்பலில் இருக்கிறா. அங்கிருந்து எப்படிப் போறது? உள்ளே பார்க்க நாடக டிக்கட் எடுத்தே ஆகணுமா?

இல்லை அக்கா. பகலில் மாளிகையை மட்டும் சுற்றிப் பார்க்கத் தனி டிக்கட் இருக்கு. நாசியோன் பக்கம் போகும் 2ஆம் இலக்க மெட்ரோவில் ஏறி, அடுத்த தரிப்பான ஸ்தாலின்கிராட்டில் 7ஆம் இலக்கத்துக்கு மாறுங்க. 'ஓப்பரா' தரிப்பில் இறங்கி மேலே வந்தால் மாளிகை முன்னால் நிற்கும். முன்வாசலில் போய்க் காத்து நிற்க வேண்டாம். பகல் பார்வையாளருக்கு வாசல் இடப்பக்கம், ஸ்கிரிப் வீதியும் ஓபேர் வீதியும் சந்திக்கும் மூலையில்.

பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில்தான். ஒத்திகை நடந்தால் அரங்கைப் பூட்டிவிடுவாங்க. பளிங்குப் படிக்கட்டையும் பொன்முலாம் மண்டபத்தையும் பார்த்துவிட்டு, அரங்கைப் பார்க்காமலே திரும்ப வேண்டி வரும். டிக்கட் எடுக்க முதல் அந்த நாளில் அரங்கு திறந்திருக்கா என்று அவர்களுடைய தளத்தில் பாருங்க.

ஆரையம்பதி: இரவு நிகழ்ச்சிக்கு ஆகக் குறைந்த விலை டிக்கட் எடுக்கலாமா அண்ணா?

எடுக்கலாம் தம்பி, ஆனால் எந்த இருக்கை என்று பார்த்து எடுங்க. நம்ம கூத்து ஆடும் வட்டக்களரியில் எந்தப் பக்கம் பாயை விரித்தாலும் கூத்தர் சுற்றி ஆடி உங்கள் முன்னுக்கும் வருவார். அங்கே மேடை ஒரு பக்கம் மட்டும்தான். அரங்கோ குதிரை லாட வடிவம். லாடத்தின் இரண்டு கையிலும் இருக்கிற பெட்டி அறைகள் மேடையைப் பார்ப்பதில்லை, ஒன்றையொன்று பார்க்கின்றன. 1875இல் திறந்தபோது வசதியானவர்கள் நாடகம் பார்க்க மட்டும் வரவில்லை. ஆளை ஆள் பார்க்கவும் வந்தார்கள். கட்டடம் அதற்குப் பொருத்தமாகத்தான் எழும்பியிருக்கு.

அந்தப் பெட்டி அறையை 'லோஜ்' என்பாங்க. முன் கதிரையில் இருப்பவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்ப்பார். பின் கதிரைக்காரருக்கு முன்னால் ஒரு தலை, பக்கத்தில் தடுப்புச் சுவர். மேடையில் பாதி போய்விடும். 'விசிபிலித்தே ரெத்யுயித்' என்றிருந்தால் பார்வை குறைவு. 'ஸான் விசிபிலித்தே' என்றிருந்தால் மேடை தெரியவே தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும். காசு மட்டாக இருந்தால் பக்கத்து லோஜின் பின் கதிரையை விட, மேல் மாடியில் நடுவில் கிடைக்கிற இருக்கை எவ்வளவோ மேல். தூரம்தான், ஆனால் முழு மேடையும் தெரியும்.

இன்னொன்று: ஓப்பரா என்று பெயர் இருந்தாலும் அங்கே அதிகம் நடப்பது பாலே நடனம். பெரிய ஓப்பராக்கள் பெரும்பாலும் பாரிஸிலேயே 1989இல் திறந்த இன்னொரு மாளிகையான பஸ்தீய் அரங்கில்தான். டிக்கட்டில் எந்த மாளிகை என்று இரண்டு தரம் பாருங்க.

சம்மாந்துறை: மைக் இல்லாமல் பாடுவாங்களாமே, உண்மையா? பாஷை விளங்காதே?

உண்மைதான் நானா. ஏறக்குறைய 2,000 இருக்கை, மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் முழு வாத்தியக் குழு, அதையும் தாண்டி வெறும் குரல் கடைசி வரிசைக்குப் போகும். களரியில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று ஆட்டத்தைக் கொண்டுபோவார். அங்கே அந்த வேலை கையில் சிறு கோலோடு நிற்பவருடையது. வரிகள் மேடைக்கு மேலே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஓடும். கதையை முதலே வாசித்துவிட்டுப் போனால் அதை அடிக்கடி அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை.

காரைதீவு: மாளிகைக்குக் கீழே ஏரி இருக்கு என்கிறாங்க?

ஏரி இல்லை, தண்ணீர்த் தொட்டி. வாவிக்கரையில் கிணறு வெட்டியவர்களுக்கு இது லேசில் விளங்கும். 1861இல் அத்திவாரம் தோண்ட, நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் பம்பு வைத்து இறைத்தும் அடங்கவில்லை. கட்டடக் கலைஞர் சார்ல் கார்னியே இரட்டைச் சுவர் வைத்து ஒரு பெரிய தொட்டியைக் கட்டி, அதில் தண்ணீரை நிரப்பிவிட்டார். வெளியிலிருந்து நீர் அழுத்த, உள்ளேயுள்ள நீரின் பாரம் எதிர்த்து அழுத்தும். அத்திவாரம் அசையாது. பார்வையாளரை அங்கே விடுவதில்லை.

அக்கரைப்பற்று: சரவிளக்கு விழுந்தது உண்மையா?

விளக்கு விழவில்லை, 1896இல் அதைத் தாங்க மறுபக்கம் தொங்கவிட்ட எதிர்ப்பாரம் ஒன்று அறுந்து விழுந்து ஒரு பெண் இறந்தார். விளக்கு ஏழெட்டுத் தொன் வரும். அதைச் சுற்றியுள்ள கூரை ஓவியம் 1964இல் மார்க் ஷாகால் செய்தது. பழைய ஓவியம் அழியாமல் அதற்கு மேலே இருக்கு.

கல்லாறு: சாறி உடுத்துப் போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் நோ.

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. குளிர் மாதமென்றால் மேலே தடித்த கோட்டும் வேணும். அம்மாவுக்குக் கீழ்த்தள இருக்கை எடுங்க, மேல் மாடிப் படிகள் செங்குத்து. நிகழ்ச்சி தொடங்கிய பிறகு வந்தால் இடைவேளை வரை உள்ளே விடமாட்டாங்க, அரை மணி முந்தியே போய் நில்லுங்க. 2027 நடுப்பகுதியில் இருந்து இரண்டு வருடம் திருத்த வேலைக்குப் பூட்டப் போவதாக அறிவித்திருக்கிறாங்க. விமானச் சீட்டுப் போட முதல் அதையும் பாருங்க.