எட்டாம் அத்தியாயத்தில் கதை ஏன் பொய்யாகிறது?

நீங்கள் எழுதும் கதையில், கணவனை இழந்த காட்பாடி நாயகி எட்டாம் அத்தியாயத்தில் காதலைச் சொன்னதும் கதை பொய்யாகத் தெரிகிறது என்கிறீர்கள். காதலை நீக்க வேண்டாம். அவளுடைய துக்கத்தை அங்கேயே முடித்துவிடாதீர்கள்.

அநேகமாகக் காரணம், நாயகன் மருந்தாக வருவதுதான். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் ஒரு நடை, ஒரு அழுகை, எல்லாம் சரி! நிஜத்தில் துக்கம் திரும்பத் திரும்ப வரும்: திதி நெருங்கும்போது, கணவர் வழக்கமாகப் பிடிக்கும் ரயிலின் அறிவிப்பு காதில் விழும்போது, சந்தோஷமான நாளில்கூட. நம்ம பாலாறு மாதிரி. வருஷக்கணக்கில் வெறும் மணல், 2021 நவம்பரில் கரை புரண்டது.

நாயகன் வரும் காட்சிகளை எடுத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். அவளுடைய வேலை, தூக்கம், மாமியாரோடு பேச்சு எதுவும் நகரவில்லை என்றால் ஓட்டை அங்கேதான். என் முதல் கதையில் மிஞ்சியது நாலே பக்கம்.

அப்புறம், கணவர் இறந்து எவ்வளவு காலம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரு வருடம் தாண்டியும் அன்றாடமே முடங்கிக் கிடக்கிறாள் என்றால் விஷயம் வேறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2022இல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாகவே சேர்த்தது. அப்போது அவளை ஆலோசகரிடம் அனுப்புங்கள். நாயகன் வெளியே பெஞ்சில் காத்திருக்கட்டும்.