கேட் பாஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன். பெருங்குடியில் மென்பொருள் வேலை. கொஞ்ச காலமாக சனி ஞாயிறுகளில் எண்ணூர், மணலி, துறைமுகம் பக்கம் போய்ப் புகைபோக்கிகள், கன்வேயர்கள், கிரேன்கள், எண்ணெய்த் தொட்டிகளைப் படமெடுக்கிறேன். விற்பதற்கு அல்ல, எனக்காகத்தான். ஆலைகளையும் சுரங்கங்களையும் மட்டுமே படமெடுத்த ஜெர்மனியின் பெக்கர் தம்பதியின் படங்களைப் பார்த்து வந்த ஆசை. உள்ளே போய் எடுக்க அனுமதி கேட்டுச் சில நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றிலிருந்து மட்டும் போன் வந்தது. "எந்த நிறுவனத்திலிருந்து பேசறீங்க?" என்று கேட்டார்கள். சொந்த ஆர்வம் என்றதும் வைத்துவிட்டார்கள். போன மாதம் ஒரு கேட்டுக்கு எதிரே ரோட்டில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். காவலர் விசில் அடித்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரோட்டில் நின்று எடுக்கவும் அனுமதி வேண்டுமா? ட்ரோன் பறக்கவிடலாமா? நீங்கள் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் உதவியாக இருக்கும். என் விண்ணப்பத்தையும் நான் எடுத்த படங்கள் அறுபதையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

விண்ணப்பத்தைத்தான் முதலில் படித்தேன். நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கமும் தொழில்யுகத்தின் அழகியல். மூன்றாம் பக்கத்தில் உங்கள் கேமராவின் பெருமை. நான்காம் பக்கத்தின் அடியில் "வளாகம் முழுவதையும் வசதியான நாட்களில் படம்பிடிக்க அனுமதி வேண்டுகிறேன்". இதில் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? எந்த வளாகம், எந்த மூலை, எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று ஒன்றுமே இல்லை. ஏதாவது நடந்தால் விசாரணையில் நிற்கப்போவது அவர். "முழுவதையும்" என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபைலை அடியில் தள்ளியிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ட்ரோன் வேண்டாம். 2021ஆம் வருட ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. தரையில் நின்று கேட்டதற்கே பதில் வாங்க முடியாதவர் அங்கே ஏறவேண்டாம். துறைமுகத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 2004 ஜூலையில் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் நடைமுறைக்கு வந்தபிறகு அது இன்னும் கெட்டியான கதவு.

ரோட்டில் நின்று எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எல்லோரும் பயமுறுத்துவது 1923ஆம் வருடத்து அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டித்தான். அதில் தடைசெய்யப்பட்ட இடம் என்றால் முதலில் ராணுவம் சார்ந்தவை. ரயில் பாதை, மின்நிலையம், எரிவாயு, குடிநீர் நிலையம் போன்றவை மத்திய அரசு அறிவிக்கை போட்டால் அந்தப் பட்டியலில் சேரும். மூன்றாம் பிரிவின்படி குற்றமாவதற்கு நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கம் இருக்கவேண்டும். ஆனால் அந்த நோக்கத்தை ஆளின் நடத்தையிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. விசில் கேட்டதும் பைக்கில் ஏறி ஓடினீர்களே, உங்கள் மேல் அதைவிட நல்ல சாட்சி அந்தக் காவலருக்குக் கிடைக்குமா? இனி ஓடாதீர்கள். நில்லுங்கள், பெயரைச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், போகச் சொன்னால் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது வேறு ஒரு வரி. "எந்த நிறுவனத்திலிருந்து பேசறீங்க?" அது மிரட்டல் இல்லை தம்பி, அவர் முன்னால் இருக்கும் ஃபாரத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. சினிமாவுக்குக் கட்டம் உண்டு. தெற்கு ரயில்வேயில் மக்கள் தொடர்பு அதிகாரி வழியாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ரயிலோடு சேர்த்தே படம் எடுக்கிறார்கள். பத்திரிகைக்குக் கட்டம் உண்டு, கல்லூரி மாணவருக்கு உண்டு. ஒரு லாபமும் இல்லாமல், சும்மா பார்க்க ஆசைப்படுகிறவனுக்குக் கட்டம் இல்லை. பெரம்பூர் பின்னி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் மூடினார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்த சண்டைக்காட்சிகளைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. வில்லனின் ஆட்கள் பீப்பாய் உருட்டிய அந்த ஷெட்டில் தறி ஓடிய காலத்துப் படம் ஒன்றை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இதை இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எர்ணாவூரில் பெரியப்பா மகன் வீட்டைக் காலி செய்தபோது பரண்மேலிருந்து ஒரு குரூப் போட்டோ இறங்கியது. பெரியப்பா எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் இருந்தவர். 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய நிலையம். ஐந்து யூனிட், 450 மெகாவாட். 2017 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் போட்டோ ஒரு ஆயுத பூஜையன்று எடுத்தது.

அன்றைக்கு மட்டும் எங்களுக்கும் கேட் திறக்கும். பெரியம்மா, அக்காக்கள், நான், எல்லோரும் புதுத்துணியில் போவோம். மோட்டாருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கைப்பிடிக் கம்பிகளில் வாழைக்கன்று. கன்வேயர் அடியில் பூசணிக்காய் உடைப்பார்கள். பொரி, கடலை, சுண்டல். காது அடைக்கும் அந்தச் சத்தத்தில் பெரியப்பா என் காதோடு வாய்வைத்துக் கத்துவார்: இங்கேதான் கரி மாவாகிறது, இதுவழியாக ஊதுகிறோம், அங்கே ஆவி, அதற்கப்புறம் டர்பைன், கடைசியில் சாம்பல் தண்ணியோடு போய்விடும். திருவொற்றியூரிலிருந்து ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வருவார். டைம் ஆபீஸ் குமாஸ்தா அவரைக் கூடவே அழைத்துப்போவார். எந்த நிறுவனம் என்று அவரை யாரும் கேட்டதில்லை. வருஷா வருஷம் வருகிறவர், எடுத்த படத்தை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போகிறவர்.

அந்தப் போட்டோவைப் பாருங்கள் என்று உங்களுக்கு அனுப்ப ஆசை. உதவிப் பொறியாளர், அதாவது ஏ.ஈ., நடுவில் நாற்காலியில். பின்வரிசையில் பெரியப்பா, துண்டு கழுத்தில், கையில் பொரிப் பொட்டலம். இவர்களின் தலைக்குமேல், படக்காரர் கவனிக்காமலே ஃபிரேமுக்குள் வந்துவிட்ட மொத்த பாய்லர் முகப்பு: குழாய், வால்வு, ஏணி, சாக்பீஸில் எழுதிய யூனிட் எண். நீங்கள் அனுமதிக்காக அலைகிற படம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது தம்பி. எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது, பரணில் கரையான் தின்கிறது. அங்கே போக எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை.

உங்கள் படங்கள் அறுபதையும் பார்த்தேன். பாலத்திலிருந்து எடுத்த கழிமுகமும் கோபுரங்களும் நன்றாகவே இருக்கின்றன. ஒளி பற்றித் தெரிந்தவர் நீங்கள். ஆனால் ஒன்றிலும் ஆள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பெக்கர் படங்களிலும் ஆள் இல்லையே என்பீர்கள். கணவர் பெர்ன்ட் பெக்கர் சீகன் ஊர்க்காரர், சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் நடுவே வளர்ந்தவர். ஒரு சுரங்கத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தபோது, வரைகிற வேகத்தைவிட இடிக்கிற வேகம் அதிகமானதால்தான் கேமராவைக் கையில் எடுத்தார். எந்தக் குழாய் எதற்கு என்று தெரிந்துகொண்டு எடுத்தவர்கள் அந்தத் தம்பதி. நீங்கள் புகைபோக்கியை எடுக்கிறீர்கள், ஏனென்றால் ரோட்டிலிருந்து அது ஒன்றுதான் தெரிகிறது. அங்கே ஒரு வேலையும் நடப்பதில்லை, மிச்சம் வெளியே போகிறது, அவ்வளவுதான். கரி அரைக்கும் மில் எங்கே இருக்கும் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. என்ன பார்க்கவேண்டும் என்றே தெரியாததால்தான் "வளாகம் முழுவதையும்" என்று எழுதினீர்கள். மொத்தக் கோளாறும் அந்த இடத்தில்தான்.

உங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர் இருப்பார். திருவொற்றியூரில் இல்லாமல் எங்கே இருப்பார்? கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர் வீட்டுப் படத்தைப் பாருங்கள். யார் யார் என்று விரல் வைத்துச் சொல்வார், பின்னால் இருப்பது என்னவென்றும் சொல்வார். அனுமதி தந்தால் ஒரு சின்ன ஸ்கேனரில் பிரதி எடுத்து, அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். பெரியப்பா போட்டோவில் நான் அடையாளம் கண்டது ஏழெட்டுப் பேர்தான். மீதிப் பேரைச் சொல்ல ஆளில்லை. பெரியம்மாவும் போய்விட்டாள்.

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒரு நிலையம், ஒரு இடம், ஒரு நாள், இரண்டு மணி நேரம். கண்ட்ரோல் ரூம், கேட், காவல் கூண்டு எதையும் எடுக்கமாட்டேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஹெல்மெட், ஷூ நானே கொண்டுவருவேன், கூட ஊழியர் ஒருவர் இருக்கட்டும், எடுத்ததை வெளியே வருமுன் காட்டுகிறேன், பிரதி தருகிறேன். மின்னஞ்சல் வேண்டாம். நேரில் போய்த் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் எண்ணும் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்தும் அசைவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. ஏன் தரவில்லை என்று சண்டை போடாதீர்கள். இந்த எண்ணுள்ள கடிதம் இப்போது யாரிடம் இருக்கிறது, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும்.

சிபாரிசுக் கடிதம் தரமாட்டேன். கதை எழுதுகிறவன் கையெழுத்துக்கு எந்த கேட்டிலும் மதிப்பில்லை. அந்த ஆபரேட்டர் ஒரு போன் போட்டால் இருக்கும், அவரிடம் வேலை பழகிய பையன்தான் இன்றைக்கு எங்கேயோ ஏ.ஈ.யாக இருப்பான். ஆயுத பூஜைக்கு முன்னால் போய்ப் பாருங்கள். புதிய விண்ணப்பத்தை எனக்கும் அனுப்புங்கள், ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்கமாட்டேன்.

அன்புடன்.