ஓசிடிக்கு மெட்டாகாக்னிட்டிவ் தெரபி உதவுமா?

கேஸை மூடினேனா என்று பத்து முறை போய்ப் பார்க்கிறேன், இந்தத் தெரபி எனக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவலாம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் உருவாக்கிய முறை இது; நினைப்பை விட, அந்த நினைப்பைப் பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்பதை மாற்றப் பார்க்கும். ‘கேஸ் திறந்திருக்குமோ’ என்ற நினைப்பு யாருக்கும் வரும், போய்விடும். ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை உள்ளவருக்கு அந்த நினைப்பைப் பற்றியே ஒரு நம்பிக்கை இருக்கும்: ‘மனதில் தோன்றிவிட்டதே, அப்படியென்றால் நிஜமாகவே திறந்திருக்கும்.’ கூடவே, ‘பார்க்காவிட்டால் பதற்றம் அடங்கவே அடங்காது’ என்பதும். சிகிச்சை கைவைப்பது இந்த இரண்டிலும்தான். அடுப்பு மூடியிருக்கிறதா என்ற வாதத்துக்குள் சிகிச்சையாளர் பெரும்பாலும் போகமாட்டார்.

நினைப்பை விரட்டாமல், அதற்குப் பதிலும் சொல்லாமல், தெருவில் போகும் வண்டிச் சத்தம் போல விட்டுவிடப் பழக்குவார்கள். அப்புறம் ஒரு கேள்வி: ‘எதை வைத்துப் போதும் என்று நிறுத்துகிறீர்கள்?’ பலர் ‘மனசுக்குச் சரியென்று பட்டதும்’ என்பார்கள். சிக்கலே அங்கேதான். திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, நம் ஞாபகத்தின் மேல் நமக்கே நம்பிக்கை குறைகிறது.

ஆனால் ஒரு விஷயம்: ஓசிடிக்கு ஆய்வுச் சான்று அதிகம் இருப்பது இன்னும் ஈஆர்பிக்குத்தான். அதாவது பயத்தை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழகும் பயிற்சி. அது பக்கத்தில் கிடைத்தால் அதிலேயே தொடங்குங்கள். மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.