செய்து கற்றல்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியை: ஐயா, வாரம் ஒரு சோதனை செய்து காட்டுகிறேன். பிள்ளைகள் ரசிக்கிறார்கள். தேர்வில் அதையே கேட்டால் தப்பாக எழுதுகிறார்கள்.

செய்து காட்டும் முன் "என்ன நடக்கும்?" என்று நோட்டில் எழுதச் சொல்கிறீர்களா? ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் குழு இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டது. வெறுமனே பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் ஊகித்தவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

ஒரு பேட்டரி, ஒரு ஒயர், ஒரு டார்ச் பல்பு கொடுத்து, எப்படி எரிய வைப்பது என்று முதலில் வரையச் சொல்லுங்கள். பலர் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்பின் அடிக்கு ஒயரை இழுத்துவிட்டு முடித்துவிடுவார்கள். செய்து பார்த்தால் எரியாது. "ஏன் எரியல?" என்று அவர்களே கேட்பார்கள். பல்பின் அடிப்புள்ளி ஒரு முனை, பக்கவாட்டு உலோக மரை இன்னொரு முனை, மின்சாரம் சுற்றி வர இரண்டும் வேண்டும் என்று அப்போது சொன்னால் பதியும். கை மட்டும் ஓடினால் போதாது, ஊகம் முதலில் வர வேண்டும்.

ஒரு தந்தை: ஆறு வயது மகளுக்கு எந்த அறிவியல் கிட் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் போதும். எது மிதக்கும் என்று சொல்லிவிட்டுப் போடட்டும்.

கல்லூரி விரிவுரையாளர்: படித்தால் 10 சதவீதம், செய்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்கிறார்களே, ஆதாரம் உண்டா?

இல்லை. இந்த எண்கள் ஒரு கூம்புப் படத்தோடு சுற்றுகின்றன. அந்தப் படத்தை அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வெளியிட்டபோது அதில் எந்தச் சதவீதமும் கிடையாது. பிறகு யாரோ ஒட்டிய எண்கள் அவை.

அவரே: எண் தப்பாகவே இருக்கட்டும், கருத்து சரிதானே?

கருத்தும் சரியில்லை. அந்தப் படத்தை நம்பினால் வாசிப்பு வீண் என்றாகிவிடும். புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதும் செயல்தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட அப்படிச் செய்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் காட்டினார்கள். எண் வேண்டுமென்றால் நல்ல எண் இருக்கிறது: அறிவியல், பொறியியல், கணிதக் கல்லூரி வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை 2014இல் வேறு ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி ஏறக்குறைய 34 சதவீதம், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22. இது கையில் இருக்கும்போது பொய் எண் எதற்கு?

இன்னொருவர்: அப்படியானால் விரிவுரையே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவரிடம் கருவியைக் கொடுத்து "நீயே கண்டுபிடி" என்று விட்டால் திணறுவார். ஊகிக்க வையுங்கள், செய்ய வையுங்கள், அப்புறம் தெளிவாக விளக்குங்கள்.

ஒரு தாய்: எட்டு வயதுப் பையனுக்கு எந்தக் கிட் நல்லது?

மேலே வாளித் தண்ணீர் என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

பயிற்சி ஆசிரியர்: எந்தச் செயலி சிறந்தது?

என் துறை இல்லை, கணினி ஆசிரியரைக் கேளுங்கள். எதுவானாலும் பொத்தானை அழுத்தும் முன் ஊகத்தை எழுதட்டும்.

கல்லூரி ஆசிரியை: விரிவுரையைக் குறைத்து மாணவர்களைச் செய்ய வைத்தால், "நீங்க நடத்தவே இல்ல" என்று மாணவர்கள் புகார் செய்கிறார்கள்.

ஹார்வர்டில் 2019இல் வந்த ஆய்விலும் இதுதான். செய்து கற்ற மாணவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றோம் என்று நினைத்தார்கள், ஆனால் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பள்ளி ஆசிரியர்: அறுபது பிள்ளைகள், ஒரே ஒரு பேட்டரி. என்ன செய்ய?

கேள்விக்கு நான்கு விடை எழுதிப் போடுங்கள். விரல் காட்டி எல்லோரும் தேர்வு செய்யட்டும். சரியாகச் சொன்னவர்கள் பாதிக்குப் பக்கம் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி விரல் காட்டச் சொல்லி, பிறகு சோதனையைச் செய்யுங்கள். கிட்டத்தட்ட எல்லோருமே சரி என்றால் நேரத்தை வீணாக்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.