ஃபேன் ஓடுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்கு எட்டு வயது ஆகிறது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டரில் எதுவும் வரவில்லை. போனில் விசாரித்தால் கடைக்காரர் மதர்போர்டு போயிருக்கும் என்கிறார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்:

இப்போதைக்கு நம்ப வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் போனிலேயே போர்டு போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பல வருடங்கள் கணினி சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவன் நான். 'நோ டிஸ்ப்ளே' என்று சீட்டு ஒட்டி வரும் பெட்டிகள்தான் எங்களிடம் எப்போதும் அதிகம். அவற்றில் போர்டு உண்மையிலேயே செத்துப்போனவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ராம் (தற்காலிக நினைவகம்), கேபிள், பேட்டரி, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று சின்னச் சின்னக் காரணங்கள். அவற்றில் பாதியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். கணினியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். 'நோ சிக்னல்' என்றோ 'கேபிளைச் சரிபாருங்கள்' என்றோ எழுத்து வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. அதற்கு எச்டிஎம்ஐ, விஜிஏ என்று இரண்டு வழி இருந்தால் மெனுவில் சரியானதைத் தேர்ந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். உங்கள் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா? அப்படியென்றால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது போர்டில் இருக்கும் ஓட்டையில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு ஸ்குரூகூடக் கழற்ற வேண்டாம். கணினியை ஆன் செய்து ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிட்டு, கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பொத்தானை அழுத்துங்கள். அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கணினி உயிரோடு இயங்கிக்கொண்டிருக்கிறது, படம்தான் வெளியே வரவில்லை என்று அர்த்தம். அப்போது தேட வேண்டிய இடம் கேபிள், மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே. விளக்கு அசையவே இல்லை என்றால் கணினி தொடக்கத்திலேயே சிக்கி நிற்கிறது. இனி பெட்டியைத் திறக்கலாம்.

திறப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக் மின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது. இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்கிற அந்த உலோகப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அப்படியே நிற்கும்.

சரி, இப்போது ராம். ஃபேன் ஓடி, படம் வராவிட்டால் நான் முதலில் கை வைப்பது இதில்தான். ராமின் கீழ் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கநிறத் தகடுகள் ஸ்லாட்டுக்குள் இருக்கும் கம்பிகளோடு அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து அதன்மேல் மெல்லிய படலம் படிந்துவிடும். கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று வேறு. ஒரே ஒரு தொடர்பு விட்டுப்போனாலும் கணினி தொடங்காது. இருபக்கமும் இருக்கும் கிளிப்பை விலக்கி ராமை வெளியே எடுங்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால் அந்தத் தகடுகளை மெதுவாகத் தேயுங்கள். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், அது தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழாதபடி தள்ளி வைத்துத் துடையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரைவிட அதுவே நல்லது. ஸ்லாட்டுக்குள் இருக்கும் தூசியை காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும்.

திரும்ப மாட்டும்போது ராமில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று கிளிப் தானாக மூட வேண்டும். பலர் பயந்து பயந்து பாதி அழுத்தத்தில் விட்டுவிடுகிறார்கள், அதனால் சுத்தம் செய்தும் பலன் இல்லாமல் போகிறது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதையே வேறு ஸ்லாட்டில், பிறகு மற்ற ராமை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் கணினி ஓடிவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், அடுத்த மாதம் மறுபடி நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதிலும் சரியாகவில்லை என்றால் கடைக்காரரின் தீர்ப்பை நேரடியாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால் 'பீப் பீப்' என்று விட்டுவிட்டுக் கத்தும். அப்படிக் கத்தினால் போர்டும் புராசசரும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. ராம் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கே அவை இரண்டும் வேலை செய்தாக வேண்டுமே! சத்தமே இல்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம், இப்போது வரும் பல கேபினெட்டுகளில் அந்த ஸ்பீக்கரே இருப்பதில்லை. ஸ்பீக்கர் என்று குறித்த நான்கு ஊசிகளில் மாட்டும் சின்ன பஸ்ஸர் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சில போர்டுகளில் இதற்குப் பதிலாக சிபியு (புராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குவது) என்று எழுதிய சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதோ, பெரும்பாலும் அதில்தான் கோளாறு.

அடுத்து போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரி. இது 3 வோல்ட் பேட்டரி, எட்டு வருடத்தில் தீர்ந்திருக்க நிறைய வாய்ப்பு. கொஞ்ச காலமாகவே கணினியில் தேதி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்ததா? பிரவுசரில் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எல்லாத் தளங்களுக்கும் எச்சரிக்கை வந்ததா? இரண்டுக்கும் காரணம் இந்தப் பேட்டரியாக இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் புதியதைப் போடுங்கள். பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போகும், குழம்பிய அமைப்பால் கணினி நின்றிருந்தால் இதிலேயே எழுந்துவிடும். அதன்பின் படம் வந்து, ஆனால் விண்டோஸ் மட்டும் நீலத்திரையில் நின்றால் பயப்படாதீர்கள். பயாஸில் சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருக்கலாம், அப்படியென்றால் பழையபடி வைத்தால் போதும்.

மின்சாரப் பக்கமும் பாருங்கள். புராசசருக்கு அருகில் 4 அல்லது 8 ஊசிகள் கொண்ட ஒரு தனி இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும். அது தளர்ந்திருந்தால் ஃபேன் எல்லாம் ஓடும், படம் வராது. உங்கள் அறிகுறியும் அதேதான் என்பதால் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். டார்ச் அடித்துப் புராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் (கெப்பாசிட்டர்கள்) தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும், உப்பியோ கசிந்தோ இருந்தால் கோளாறு போர்டில்தான். எஸ்எம்பிஎஸ்ஸைப் பொறுத்தவரை, ஃபேன் ஓடுவதால் மட்டும் அது நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஃபேனுக்கு 12 வோல்ட் கிடைத்தாலும் 5 வோல்ட்டோ 3.3 வோல்ட்டோ இறங்கியிருக்கலாம். தெரிந்தவர் வீட்டிலிருந்து வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சுலபமான வழி.

இதோடு சேர்த்து, நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன். கேபினெட்டைத் தொட்டால் கையில் சுரீர் என்கிறதா? 'லேசா ஷாக் அடிக்கும், எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிடையாது. உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள், ஒன்று ஃபேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும், எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் கேபினெட் முழுக்க 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட் மிதந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த நிலையில் பிரின்டரையோ டிவியையோ செருகும்போது போர்ட்டுகள் (கேபிள் செருகும் இடங்கள்) போய்விடலாம், பிள்ளைகள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொடுவதும் நல்லதில்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பழைய முறைக் குழியாக இருந்தால் கோடையில் காய்ந்து போகும், அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். புதிய போர்டு வாங்கி அதே சாக்கெட்டில் மாட்டினால் அதுவும் இதே வழியில் போகலாம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து பத்து இருபது நிமிடத்தில் தானாக அணைந்தால் அது வேறு கதை, சூடு. ஹீட்சிங்கில் (புராசசரின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) தூசி அடைத்திருக்கும், அல்லது புராசசர்மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலே கணினி ரீஸ்டார்ட் ஆனால் யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அது தாங்குவதில்லை.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மற்ற பாகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கும், குழந்தையின் முதல் வருடப் படங்கள் கிடைக்காது. 'கடக் கடக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதும், 'செக் டிஸ்க்' ஓட்டுவதும், ஃப்ரீசரில் வைத்து எடுப்பதும் மிச்சமிருப்பதையும் அழித்துவிடும். சத்தம் இல்லாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். மஞ்சளில் 'எச்சரிக்கை' என்று காட்டினால் அன்றைக்கே முக்கியமானதை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள், மற்ற வேலை எல்லாம் பிறகு.

கடைக்கே போகும்படி ஆனால், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். படம் வருகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையே இல்லை. 'அண்ணா, வேற ராமும் வேற எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டு என் முன்னாடியே காட்டுங்க' என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். மாற்றிய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் போர்டு போனது உறுதியானால், பழைய போர்டு தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் புராசசரின் 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனால் ஒன்றின் போர்டு மற்றதற்குச் சேராது. 100, 200 வரிசை சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்) முந்தையவற்றுக்கு, 300 வரிசை பிந்தையவற்றுக்கு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. உங்களுடையது 7 அல்லது அதற்கு முந்தையது என்றால் போர்டுக்குப் பெரிய தொகை போடாதீர்கள். லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போட்டுப் பிள்ளைகள் படிக்க வைத்துக்கொள்வதாக இருந்தால் குறைந்த விலைக்கு ஒரு பழைய போர்டு போதும்.

முதலில் நம் லாக் சோதனையையும் ராம் இல்லாமல் பீப் வருகிறதா என்பதையும் பார்த்துவிட்டு, புராசசர் பெயரும் போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணும் சேர்த்து இங்கே எழுதுங்கள். அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.