பானட்டுக்குள்ளே: பழைய பெரிய வண்டிகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்கள் எழுதியவை. நான் 1986-ல் சின் மிங்கில் ஸ்பேனர் பிடித்தவன். இப்போது காக்கி புக்கிட்டில் வண்டியைத் தூக்கும் ஒரே ஒரு ஹாய்ஸ்டுடன் ஒரு மூலையில் இருக்கிறேன். பெரிய வண்டி பழசாகும்போது வண்டியின் விலைதான் இறங்குமே தவிர, சாமான் விலை இறங்காது. இருபதாயிரம் வெள்ளிக்கு வாங்கிய வண்டிக்கும் அது புதிதாக வந்தபோது என்ன ரகமோ அந்த ரகச் சாமான்தான் போட வேண்டும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன், குற்றவாளி அதுதானா என்று பார்த்துவிடுங்கள். வாசகர்களில் பலர் அதைப் பார்க்காமலே பணம் கட்டியிருக்கிறார்கள்.

ஈசூன் வாசகர்: அப்பா விட்டுச் சென்ற 1994 மெர்சிடிஸ் ஈ 220 வைத்திருக்கிறேன். வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யை மூன்றாவது முறை புதுப்பித்தாயிற்று. காலையில் கிளப்பினால் ஒழுங்காக ஓடுகிறது. சூடானதும் சிக்னலில் நின்றால் குலுங்குகிறது, சில நாள் அணைந்தே போகிறது. ஸ்பார்க் பிளக், காயில், காற்றளவு சென்சார் எல்லாம் மாற்றியும் சரியாகவில்லை. "யானையைக் கட்டித் தீனி போடுறீங்க" என்கிறார் மனைவி. என்ன செய்யலாம் அண்ணே?

தம்பி, ஆண்டைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுமார் 1992 முதல் 1995 வரை வந்த மெர்சிடிஸ் எஞ்சின்களில் ஓடும் ஒயர்க்கட்டின் மேலுறை சூட்டில் காய்ந்து உதிர்ந்துபோகும் ரகம். ஹார்னஸ் என்போமே, அதுதான். வெளியே பார்த்தால் கருப்புக் குழாய் பளபளவென்று இருக்கும். உள்ளே செம்புக் கம்பி அம்மணமாகக் கிடக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று தொடாத கம்பிகள், எஞ்சின் சூடேறி ஆடத் தொடங்கியதும் உரசிக்கொள்ளும். சென்சார் சொல்வது ஒன்று, கம்ப்யூட்டருக்குக் கேட்பது ஒன்று. நீங்கள் சென்சாரை மாற்றினீர்கள். அது பாவம், சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மேல் இருக்கும் ஏதாவது ஒரு கனெக்டரின் ரப்பர் உறையை மெல்லப் பின்னால் தள்ளி, ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கினால் விஷயம் முடிந்தது. டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கையில் காசில்லை என்றதால் மூன்று சுருள் டேப் சுற்றி அனுப்பினேன். இரண்டே மாதத்தில் எஞ்சின் கம்ப்யூட்டர் எரிந்து, வண்டி டோ லோரியில் திரும்பி வந்தது. பாதிச் செலவை என் பையிலிருந்து கொடுத்தேன்.

ஹார்னஸ் முழுதாக மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒயர்க்கட்டில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைத் தேடிப் பாருங்கள். அப்பாவே எப்போதோ மாற்றியிருக்கலாம். 2000-க்குப் பிந்தைய தேதி இருந்தால் ஹார்னஸை விட்டுவிட்டு, வெடித்துப்போன வாக்குவம் ஹோஸ்களை, அதாவது எஞ்சினின் சின்ன ரப்பர் காற்றுக்குழாய்களைத் தேடுங்கள். முப்பது வயது ரப்பருக்கு நம் ஊர் வெயில் ஆகாது.

தெம்பனிஸ் வாசகர்: என் மெர்சிடிஸில் காற்று சஸ்பென்ஷன். இரவு நிறுத்தினால் காலையில் முன்பக்க இடது மூலை மண்டிபோட்டுக் கிடக்கிறது. கிளப்பினால் எழுந்துவிடுகிறது. காற்றடிக்கும் கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

எழுந்து நிற்கிறது என்றால் கம்ப்ரசர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஒரே மூலை இறங்கினால் அந்த மூலையில்தான் காற்று கசிகிறது. கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடி ஓடிச் சூடாகும். அப்புறம்தான் அது போகும். இப்போது புது கம்ப்ரசர் மட்டும் போட்டால், ஓட்டைக் குடத்தில் ஊற்ற இன்னொரு வாளி வாங்கிய கதைதான்.

இன்று இரவு அளக்கும் டேப் ஒன்றை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். காலையில் கிளப்புவதற்கு முன் மறுபடியும் அளக்கவும். இந்தக் காகிதத்தோடு போனால் எந்த வொர்க்‌ஷாப்பிலும் உங்களிடம் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள். பிறகு அந்த மூலையைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் மேல்பக்கத்திலும் காற்றுக்குழாய் சேருமிடத்திலும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் ரப்பர் பைதான் வெடித்திருக்கும். கம்ப்ரசரை ஓடவிட்டு நிறுத்தும் ரிலேயையும் அதோடு மாற்றிவிடுங்கள். அதன் விலை கொஞ்சம்தான். ஆனால் அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிச் செத்துப்போகும். சாதா ஸ்பிரிங் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம், மலிவுதான். ஆனால் அந்த மிதப்புக்காகத்தானே இந்த வண்டியை வாங்கினீர்கள்?

பிடோக் வாசகர்: 2002 பிஎம்டபிள்யூ 525ஐ. பிஐஇ விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது ஒன்றுமில்லை. நெரிசலில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது. ஏர்கானும் அப்போது குளிர்வதில்லை. தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறேன்.

ஐயா, தினமும் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் சூடானால் ரேடியேட்டருக்குக் காற்று போகவில்லை என்று அர்த்தம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறியின் நடுவில், சூடானதும் விசிறியை இறுக்கிப் பிடிக்கும் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு, விசிறியைக் கையால் தள்ளிப் பாருங்கள். நன்றாக எதிர்த்துத் திரும்பினால் நல்லது. பம்பரம் மாதிரி சுற்றினால் கிளட்ச் போயிற்று. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் மின் விசிறியும் சுற்ற வேண்டும். ஏர்கான் குளிராததற்கும் காரணம் அதே காற்றுதான். ஏர்கான் காஸ் நிரப்பப் போய்க் காசை விடாதீர்கள். வேகமாகப் போகும்போதும் சூடானால் கதை வேறு; அப்போது அடைத்த ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தண்ணீர். இந்த வண்டியின் முள்ளை நம்ப முடியாது. நடுவுக்கு வந்துவிட்டால், சூடு கணிசமாக ஏறும்வரை அசையாமல் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். முள் நகர்வது உங்கள் கண்ணில் பட்டால் ஏற்கெனவே தாமதம். தண்ணீர் குறைகிறது என்றால் எங்கோ போகிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றும் எக்ஸ்பேன்ஷன் டாங்க், ஹோஸ் மாட்டும் ரேடியேட்டர் கழுத்து எல்லாம் பிளாஸ்டிக். வயதானால் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என்னிடமும் இதே குடும்பத்து 523ஐ ஒன்று இருந்தது. ஊரார் வண்டியை எல்லாம் பார்த்துக்கொடுத்தவன், என் வண்டியின் ரேடியேட்டர் கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தும் "தைப்பூசம் முடிந்து பார்க்கலாம்" என்று குடும்பத்தோடு பத்துமலைக்குக் கிளம்பினேன். யோங் பெங் தாண்டியதும் கழுத்து ஒடிந்து ஆவி அடித்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பால்குடத்துக்கு எடுத்துவைத்த சாமான்களோடு மூன்று மணி நேரம். என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கொடுமை.

எனவே டாங்க், மேல் ஹோஸ், ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஒரே தடவையில் மாற்றுங்கள். தனித்தனியாக மாற்றினால் கூலிதான் ஐந்து முறை. பிறகு பைப் தண்ணீரை மறந்துவிடுங்கள். இங்கே பனி பெய்யாது, கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்பார்கள். கூலன்ட் உறையாமல் காப்பதற்கு மட்டுமல்ல. கொதிநிலையை உயர்த்தும், அலுமினியம் அரிக்காமல் பார்த்துக்கொள்ளும். வண்டிக்குச் சொன்ன கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. நிரப்பியதும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அப்போது ஹீட்டரை முழுதாகத் திறந்து வைப்பார்கள். சிங்கப்பூரில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். ஆயுளில் அது ஒருமுறை உதவுவது அப்போதுதான்.

உட்லண்ட்ஸ் வாசகர்: பெட்ரோல் 95-ஆ, 98-ஆ?

பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறத்தில் அச்சடித்திருக்கும். 95 போதும் என்று இருந்தால் 98-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குக் கோப்பி குடிக்கலாம். எல்லை தாண்டி ஜேபிக்கு (ஜோகூர் பாருவுக்கு) போவதாக இருந்தால் முக்கால் டாங்க் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது வண்டிப் பிரச்சினை இல்லை, சோதனைச் சாவடிப் பிரச்சினை.

ஜூரோங் வெஸ்ட் வாசகி: 2004 மெர்சிடிஸ் ஈ 200 கொம்ப்ரெஸர். திடீரென்று இரண்டாவது கியரிலேயே நின்றுவிடுகிறது. அணைத்துக் கிளப்பினால் சில நேரம் சரியாகிறது. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரி, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்த ஐந்து கியர் பெட்டி ஏதாவது கோளாறு தெரிந்தால் தன்னைக் காத்துக்கொள்ள இரண்டாவது கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது நோயின் அறிகுறி, நோய் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒயர் நுழையுமிடத்தில் வட்டமான ஒரு பிளக் உண்டு. அதன் ரப்பர் வளையம் தேய்ந்தால் கியர் எண்ணெய் கசிந்து, விளக்குத் திரியில் ஏறுவதுபோல் ஒயருக்குள்ளேயே ஏறி, கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். அந்த பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளக் சின்ன சாமான்தான். அது சரியாக இருந்தால் அடுத்து உள்ளே இருக்கும் சென்சார் தட்டு, கண்டக்டர் பிளேட் என்பார்கள். அதற்கும் முழு கியர்பாக்ஸுக்கும் விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. முதலில் கம்ப்யூட்டர் மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படித்துக் காகிதத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். கியர் எண்ணெயும் ஃபில்டரும் எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. மாற்றியதே இல்லை என்றால் இந்த வேலையோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.

பாசிர் ரிஸ் வாசகர்: மழை பெய்த மறுநாள் டாஷ்போர்டில் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி விளக்குகள். வெயில் வந்தால் அணைந்துவிடுகின்றன.

வண்டியை எந்த மரத்தடியில் நிறுத்துகிறீர்கள்? தூங்குமூஞ்சி மரமாக இருந்தால் அதன் பொடி இலைகள் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வடிகாலை அடைத்திருக்கும். தேங்கிய தண்ணீர் உள்ளே இறங்கிக் கார்ப்பெட்டை ஊறவைக்கும். பெரிய வண்டிகளில் கார்ப்பெட்டுக்கு அடியிலும் மின்னணுப் பெட்டிகள் இருக்கும். கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். பின்பக்கச் சாமான் பெட்டியில் ஸ்பேர் டயர்க் குழியையும் பாருங்கள். பின்விளக்கு ரப்பர் வழியாகவும் தண்ணீர் வரும். எல்லாம் காய்ந்திருந்தால் பேட்டரியை அளக்கவும். ஒரு இரவு ஓய்ந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்கு வந்துவிட்டால் பாதிதான் மிச்சம். அந்த நிலையில் இந்த வண்டிகள் இல்லாத வியாதியை எல்லாம் சொல்லும்.

செங்காங் வாசகர்: மெர்சிடிஸ் எஸ் 320 எல், ஒன்பதரை வருடம் ஆகிறது. சிஓஇ ஐந்து வருடமா, பத்தா, இல்லை ஸ்கிராப்பா? இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம். இந்த வண்டியில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று ஆசை.

ஐயா, கணக்கை முதலில் பார்ப்போம். இப்போது ஸ்கிராப்புக்குக் கொடுத்தால், புதிதாகப் பதிந்தபோது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணமான ஏஆர்எஃப்-ல் பாதி, பார்ஃப் என்ற பெயரில் திரும்பக் கையில் வரும். இந்த ரக வண்டிக்கு அது சின்னத் தொகை இல்லை. புதுப்பித்தால் அது போய்விடும். அதற்கு மேல் சிஓஇ விலையின் மூன்று மாதச் சராசரியான பிக்யூபியைக் கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு அதில் பாதி. ஐந்து வருடம் போட்டால் மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயது தாண்டினால் இன்ஸ்பெக்‌ஷன் ஆண்டுதோறும். ரோடு டாக்ஸில் 10 விழுக்காடு கூடும், ஏறி ஏறி 50 வரை போகும்.

இத்தனையும் தெரிந்த தொகை. தெரியாத தொகை வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஹாய்ஸ்டில் ஏற்றிக் காற்று சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், எண்ணெய்க் கசிவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் புளோக் கார் பார்க்கில் வண்டி நிற்கும் இடத்தில் தரையையும் பாருங்கள். அங்கே கறை இருந்தால் அது உங்களுக்காக எழுதிய ரிப்போர்ட். மூன்றும் சுத்தமாக இருந்தால் பத்து வருடம் போடலாம். ஒன்று போயிருந்தால் ஐந்து. இரண்டு போயிருந்தால் நான் பார்ஃபை வாங்கிக்கொள்வேன். மாப்பிள்ளை அழைப்புக்கு இதே மாதிரி வண்டி ஒருநாள் வாடகைக்குக் கிடைக்கும். மாலை போட்டு ஜோடித்துவிட்டால் நம்பர் பிளேட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?