பழைய படத்தில் இருக்கும் பெண் ஏன் சோகமாக இருக்கிறார்?

கேள்வி: வீட்டில் 1950 வாக்கில் எடுத்த ஒரு பெண்ணின் கருப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. கருப்புப் பொட்டு, இறுகிய முகம். அவர் வாழ்க்கையில் என்ன துயரம் இருந்திருக்கும்?

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொட்டை விடுங்கள். அப்போது ஸ்டூடியோக்களில் புழங்கிய ஆர்த்தோ வகைக் கண்ணாடிப் பிளேட்டும் ஃபிலிமும் சிவப்பை உணராது. அதனால்தான் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே அதைக் கழுவினார்கள். குங்குமம் கருப்பாக விழும், உதடு கருக்கும், மாநிறம் இன்னும் ஒரு படி கருப்பாகத் தெரியும். முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்றும் பாருங்கள். வலது தோளில் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று ஆராய்வதும் வீண்.

எங்கள் ஆயா (பாட்டி) படத்தின் பின்னால் பென்சிலில் 1951 என்று இருக்கிறது. ராயபுரத்திலிருந்து டிராமில் போய், பூக்கடைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. (மெட்ராஸில் டிராம் 1953இல் நின்றது.) திரைச்சீலையில் தூணும் படிக்கட்டும் வரைந்திருக்கும், பக்கத்தில் பூ ஜாடி. ஆயா முகம் கல் மாதிரி இருக்கும். கட்டாயக் கல்யாணம், அதான் அப்படி என்று அத்தை ஒருத்தர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் ஆயாவிடமே கேட்டேன். "சிரிச்சா ஆடிடும்மே. ஆடினா இன்னொரு பிளேட்டுக்குக் காசுன்ட்டான். நான் எங்க சிரிக்கிறது?" கழுத்தில் இருக்கும் அட்டிகை பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டதாம். அப்புறம் முந்தானை நுனியைக் காட்டினார். விரல்களுக்கு நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. திரும்பி வர டிராம் காசு அதில் இருந்தது. அது விழுந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அந்த முகம்.

எந்தப் படத்திலும் துயரமே இருக்காது என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் போட்டோகிராபரும் இல்லை. முகத்தைப் பார்த்து முடிவு கட்டுவதற்கு முன் கையைப் பாருங்கள், வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கருப்புக் கோடு இன்னும் இருக்கிறது, எத்தனை முறை வெள்ளை அடித்தும் போகவில்லை. கணக்கெடுக்க வந்தவர் பீரோவையும் கட்டிலையும் எழுதிக்கொண்டார். படம் என்றேன், அதெல்லாம் சேராது என்றார். ஈரம் பட்டால் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் தம்பி பிடித்து இழுத்ததில் ஆயாவின் இடது கன்னம் உரிந்து வந்துவிட்டது. உங்கள் படமும் ஒட்டியிருந்தால் தயவு செய்து பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் எடுத்து வைத்துவிடுங்கள்.

சரிசெய்யக் கொடுத்த கடையில் கன்னத்தைச் சேர்த்தார்கள். கூடவே, கேட்காமலே ஆயாவைச் சிவப்பாக்கி, உதட்டில் ஒரு புன்னகையும் வைத்துவிட்டார்கள். அந்த முடிச்சைக் கறை என்று நினைத்து அழித்தும் விட்டார்கள். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். யாரோ ஒரு பெண் அதில் இருக்கிறார்.

அதைப் பீரோவில் வைத்துவிட்டு, கன்னம் உரிந்த படத்தையே திரும்ப மாட்டினேன். முடிச்சு அதில்தான் இருக்கிறது.